போர்க்களமாகாத ஊரில் போர் விட்டுச்செல்வது என்ன?

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வரலாறு படிக்கும் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஒரு பெரும்போர் ஒரு நாட்டின் படைவீரர்களையும் பொதுமக்களையும் எப்படி மாற்றுகிறது? உலகப் போர்களைப் பற்றிப் படிப்பதெல்லாம் ஐரோப்பாவையும் ஜப்பானையும் பற்றியதாகவே இருக்கிறது. குண்டு விழாத, படை நடக்காத நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து மக்களுக்கு அந்தப் போர்களோடு ஏதேனும் தொடர்பு உண்டா?" இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதிக்குச் சரியாகப் பதில் தேடினால் முதல் பாதிக்கும் விடை கிடைத்துவிடும் என்பதால், நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

தொடர்பு உண்டு; நாம் நினைப்பதைவிட ஆழமாக உண்டு. ஆனால் அதைக் காண்பதற்கு ஒரு வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். சிப்பாயின் போருக்கு அவர் சேர்ந்த நாளும் திரும்பிய நாளும் இருக்கின்றன. அவருக்கு ஓர் எண்ணும் சேவைப் பதிவேடும் பென்ஷன் புத்தகமும் இருக்கின்றன. களத்தில் இறந்தால் பெரும்பாலும் பெயர் பொறித்த ஒரு கல்லும் கிடைக்கிறது. குடிமக்களின் போரோ அரிசி விலையாக, கிடைக்காத மண்ணெண்ணெயாக, நின்றுபோன ரயிலாக, கடல் கடந்து போய்த் திரும்பாத மகனாக வந்து சேர்வதால், அதைப் போர் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. இந்த இரண்டு போர்களில் இரண்டாவதுதான் பெரும்பாலும் நீண்டது, பல சமயங்களில் அதிக உயிர்களைக் கொண்டுபோனது என்பதே நான் சொல்ல விரும்புவது.

கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரமாக இருந்தும் அந்த நகரத்தில் இன்று ரயில் நிலையம் இல்லை. முன்பு இருந்தது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-லும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-லும் இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய ரயில் பாதைகள் திறக்கப்பட்டன. தருமபுரிப் பாதை 1913-ல் ஒசூர் வரை நீண்டது. இவை போடப்பட்ட காரணத்தைக் கவனிக்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தில், நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. மழை பொய்க்கும் வறண்ட தாலுகாக்களுக்குத் தானியத்தை விரைந்து கொண்டுசேர்க்க வழி வேண்டும் என்ற எண்ணத்தில், பஞ்சப் பாதுகாப்புக்கான பாதைகளாகவே இவற்றை அரசு அமைத்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது இந்தப் பாதைகள் மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. இந்தியா முழுவதும் லாபம் குறைந்த கிளைப் பாதைகள் பல அப்போது இவ்வாறு பெயர்க்கப்பட்டன. அவற்றின் தண்டவாளங்களும் பெட்டிகளும் எஞ்சின்களும் மேற்காசியப் போர்முனைகளின் தேவைக்காகக் கப்பலேறின.

இந்தப் பாதைகள் பெரிய வருமானம் தந்தவை அல்ல என்பது உண்மை. ஆனால் பஞ்சத்தைத் தடுக்கப் போட்ட பாதையின் பயனை ஆண்டு லாபக் கணக்கில் அளப்பது எப்படிச் சரியாகும்? அதுவும், நாடே உணவுக்குத் தவிக்கப்போகும் ஆண்டுகளுக்குச் சற்று முன்பாக அந்தப் பாதை போனது. தருமபுரிக்கு 1960-களின் இறுதியில் சேலம்–பெங்களூர் மீட்டர் கேஜ் பாதையின் மூலம் ரயில் திரும்பியது. மொரப்பூர்–தருமபுரி இணைப்பை மீண்டும் போட 2019-ல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. கிருஷ்ணகிரிக்காரர்களோ இன்னும் தேர்தலுக்குத் தேர்தல் ரயில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் ஒரு குண்டும் விழவில்லை. ஆனால் அந்தப் போர் எடுத்துக்கொண்டதை எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் முழுமையாகத் திரும்பப் பெறவில்லை. பெரும்போர் குடிமக்களுக்கு என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடக் கண்முன்னே நிற்கும் சான்று நம் பகுதியில் வேறில்லை.

அடுத்தது சோறு. 1942 மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தபோது, இந்தியாவுக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி ஒரேயடியாக நின்றது. அடுத்த மாதம் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் சென்னை நகரத்தில் பெரும் பகுதி காலியானது. கடற்கரை ஊர்க்காரர்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்மாவட்டங்களில் இருந்த உறவினர் வீடுகளை நோக்கி நடந்தார்கள். 1943-ல் வங்காளத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பசியாலும் பசியைத் தொடர்ந்த நோய்களாலும் இறந்தார்கள். 1942 அக்டோபர் புயல், பர்மா அரிசி நின்றது, எதிரி கைப்பற்றிவிடக்கூடாது என்று ஆற்றுப்படகுகளை அரசே பறிமுதல் செய்தது, மாகாணங்கள் தானியத்தை ஒன்றுக்கொன்று விற்க மறுத்தது, போர்ச் செலவால் எகிறிய விலை எனக் காரணங்கள் பல. இவற்றுள் புயலைத் தவிர மற்ற எல்லாமே போரோடு பிணைந்தவை. இறந்தவர்களில் ஒருவர்கூடச் சிப்பாய் அல்லர். அதே போரில் உலகின் எல்லாக் களங்களிலும் சேர்த்து இறந்த இந்தியப் படையினர் ஏறத்தாழ 87,000 பேர். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், போரின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

நம் பகுதி அந்த அளவுக்கு அழியாமல் தப்பியதற்கு, என் கருத்தில், நம் தட்டில் இருந்த களிக்கும் ஒரு பங்கு உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் அன்றாட உணவு கேழ்வரகும் சாமையும். நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது. ஆகவே கப்பலில் வந்த அரிசியை நம்பி இருந்த கடலோரத்தைப் போல இந்த மேட்டுநிலம் ஒரே நாளில் நிலைகுலைந்துவிடவில்லை. ஆனால் கேழ்வரகை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. துணி, மண்ணெண்ணெய், சர்க்கரை, தீப்பெட்டி எல்லாம் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அவை எல்லாமே தட்டுப்பாட்டுக்கு உள்ளாயின. போர் ஆண்டுகளில் மொத்த விலைகள் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தன. பிரிட்டன் இந்தியாவில் செய்த போர்ச் செலவுக்கு உடனே பணம் தராமல் லண்டனில் கடனாகப் பற்று எழுதிக்கொண்டது. அந்தப் பற்றை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டுகள் அச்சிடப்பட்டன. போர் முடிந்தபோது அந்தக் கடன் சுமார் 130 கோடி பவுண்டாக நின்றது. 1940-ல் ஒரு ரூபாய்க் காகித நோட்டு புழக்கத்துக்கு வந்ததும், அதே ஆண்டில் வெள்ளி ரூபாயில் இருந்த வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டதும் அந்தப் போரின் விளைவுகளே. வாரச் சந்தையில் மாட்டை விற்றுவிட்டு, கையில் வாங்கிய நாணயத்தைத் தட்டிப் பார்த்த குடியானவர் உலகப் போரைத் தன் விரல் நுனியில் அறிந்திருக்கிறார்.

உணவுக் கட்டுப்பாடு 1943-ல் பெருநகரங்களில் ரேஷனாகத் தொடங்கிக் கிராமம் வரை கொள்முதலாகவும் தடைகளாகவும் இறங்கியது. போர் 1945-ல் முடிந்தும் இது முடியவில்லை. 1952-ல் சென்னை மாகாண முதலமைச்சரான ராஜாஜிதான் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். அவர் ஒசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர் என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுப்பாடு போன பின்னும், வீட்டுக்கு வீடு அட்டை, தலைக்கு இவ்வளவு என்ற அளவு, அதைக் கேட்டுப் பெறும் உரிமை என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. இன்று நியாய விலைக் கடை முன் நிற்கும் வரிசையின் வேர் அந்தப் போர்க்காலத்தில் இருக்கிறது. போர் அழிப்பதோடு நின்றுவிடாது. அரசு மக்களை எண்ணவும், அவர்களுக்குப் பங்கிடவும், அவர்கள் வீட்டுக்குள் வரவும் கற்றுக்கொள்ளும் காலமாகவும் அது இருக்கிறது. பிரிட்டனில் 1942-ல் போரின் நடுவே வெளியான, சமூகப் பாதுகாப்பைப் பற்றிய பெவரிட்ஜ் அறிக்கையும், அதையொட்டி 1948-ல் தொடங்கிய தேசிய மருத்துவச் சேவையும் இதன் மற்றொரு முகம். இந்த நன்மைகளைக் காட்டி போரை நியாயப்படுத்துவோரை நான் ஏற்கவில்லை. 30 லட்சம் பேர் இறக்காமலே ஓர் அரசு ரேஷன் அட்டை கொடுக்கக் கற்றிருக்கலாம்.

இனிச் சிப்பாய்களுக்கு வருகிறேன். 1939-ல் ஏறத்தாழ 2 லட்சம் பேர் கொண்டிருந்த இந்தியப் படை, கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமலேயே 1945-ல் 25 லட்சமாக வளர்ந்தது. 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்று ஆங்கிலேயர் தாமே வகுத்துக்கொண்ட பட்டியலில் தமிழருக்கு இடமில்லாததால், சென்னைக் காலாட்படை 1920-களில் கலைக்கப்பட்டிருந்தது; ஆள் போதாமல் போனபோது அது மீண்டும் உருவாக்கப்பட்டது. பெங்களூரில் தலைமையகம் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படை மட்டும் கலைக்கப்படாமல் தொடர்ந்தது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது இவர்கள் வேலை. ஒசூரிலிருந்து பெங்களூர் கூப்பிடு தூரம் என்பதால் நம் பக்கத்து இளைஞர்களுக்குப் பட்டாளம் என்றாலே பெங்களூர்தான் நினைவுக்கு வரும். அவர்களில் பெரும்பாலோரை அங்கே கொண்டுபோனது நாட்டுப்பற்றோ அரசப்பற்றோ அன்று. மானாவாரி நிலமும், கடனும், மாதம் தவறாமல் வரும் மணியார்டரும்தான்.

பட்டாளம் ஆளை எப்படி மாற்றுகிறது? முதலில் உடம்பை மாற்றுகிறது. அரைவயிறோடு சேர்ந்தவர்கள் முகாம் உணவில் சில மாதங்களில் எடை கூடினார்கள். பிறகு உறவை மாற்றுகிறது. சாதி வழியாகவும் ஊர் வழியாகவும் மட்டுமே மனிதரை அறிந்திருந்தவர், தன் உயிர் பக்கத்தில் நிற்கும் ஒருவர் கையில் இருக்கிறது என்ற நிலையில் வேறொரு பற்றைக் கற்கிறார். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ என்னும் இடத்தில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த சாப்பர்ஸ் குழுவில் வெடி ஒன்று தூண்டப்பட்டபோது, சுபேதார் சுப்பிரமணியன் அதன்மேல் தம் உடலைக் கிடத்தி மற்றவர்களைக் காப்பாற்றினார். மறைவுக்குப் பின் அவருக்குப் பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அவர் காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர். அந்தச் செயலைப் பேரரசு வாதத்தாலும் விளக்க முடியாது, சம்பளத்தாலும் விளக்க முடியாது. பக்கத்தில் இருப்பவருக்காக உயிரைக் கொடுக்கும் அளவுக்கு ஒருவரைப் பிணைக்கும் அதே பயிற்சிதான், முன்பின் அறியாத இன்னொருவரைக் கொல்லவும் அவரைப் பழக்குகிறது. இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

திரும்பி வந்தபின் நடப்பதைத்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். முதல் உலகப் போரில் பீரங்கி முழக்கத்துக்கு நடுவே கைகால் நடுங்கி, பேச்சிழந்து, உறக்கமிழந்து வந்த சிப்பாய்களை 1915 முதலே மருத்துவர்கள் விவரித்திருக்கிறார்கள். ஆயினும் அதே போரில், களத்தை விட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் தன் சிப்பாய்களில் 300-க்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்ற பிரிட்டன், அவர்களை மன்னிக்க 2006 வரை எடுத்துக்கொண்டது. போர் தரும் மனக்காயத்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒரு நோயாக ஏற்றுப் பெயரிட்டது 1980-ல், வியட்நாம் போர் முடிந்த பிறகு. நம் ஊர்களில் அதற்குப் பெயரும் இல்லை, மருந்தும் இல்லை. பட்டாளத்திலிருந்து வந்தவர் இரவில் எழுந்து உட்கார்ந்திருந்தால், சத்தம் கேட்டுத் திடுக்கிட்டால், குடித்தால், காரணமில்லாமல் பிள்ளைகளை அடித்தால், "பட்டாளத்துக்காரர் அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அந்தப் போரின் மீதியை அவர் மனைவியும் பிள்ளைகளும் சுமந்தார்கள். சிப்பாயின் போர் எங்கே முடிந்து குடும்பத்தின் போர் எங்கே தொடங்குகிறது என்று இங்கே கோடு கிழிக்க முடியாது.

பெண்களின் நிலையைப் பற்றி எழுதும்போது, போர் பெண்களை விடுவித்தது என்று ஐரோப்பிய அனுபவத்தை வைத்துச் சொல்வது வழக்கம். பிரிட்டனில் 1918-ல் முப்பது வயது நிரம்பிய பெண்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை கிடைத்ததில் போருக்குப் பங்கு உண்டுதான். நம் மானாவாரிக் கிராமத்தில் பெண் எப்போதுமே வயலில் இருந்தவள். கணவன் பட்டாளத்துக்குப் போனபோது அவளுக்குக் கூடியது பொறுப்பு. ஆனால் மணியார்டரைக் கைநாட்டு வைத்து வாங்கியதும், வட்டிக்காரனிடம் நேராகப் பேசியதும், கடிதம் படித்துக் காட்ட ஆள் தேடி அலைந்து கடைசியில் மகளைப் பள்ளிக்கு அனுப்பியதும் சில வீடுகளிலாவது நிகழ்ந்த மாற்றங்கள். அவற்றைச் சிறியவை என்று நான் கருதவில்லை.

எல்லாச் சிப்பாய்களையும் ஏடு ஒரே மாதிரி நினைவில் வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தபோது பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார்கள். அவர்களில் பலரும், மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்த தமிழ் ஆண்களும் பெண்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1945 இறுதியில் அந்த ராணுவத்தினர் மீது செங்கோட்டையில் நடந்த விசாரணையும், 1946 பிப்ரவரியில் நடந்த கடற்படை எழுச்சியும், சிப்பாயின் விசுவாசத்தை இனி நம்ப முடியாது என்று ஆங்கிலேயருக்கு உணர்த்தின. ஆனாலும் விடுதலைக்குப் பின் இந்திய தேசிய ராணுவத்தினர் படையில் மீண்டும் சேர்க்கப்படவில்லை. தியாகிகள் ஓய்வூதியம் என்ற ஏற்பாடு அவர்களை எட்ட 1972 வரை ஆனது.

இந்த இடத்தில், என் மனத்தை மிகவும் உறுத்தும் பகுதிக்கு வர வேண்டியிருக்கிறது. சேலம் மாவட்டம் கங்காணிகள் மலேயாவுக்கு ஆள் பிடித்த மாவட்டங்களுள் ஒன்று. அப்படிப் போன குடும்பங்களிலிருந்தும், மற்ற தமிழ் மாவட்டத்துக் குடும்பங்களிலிருந்தும், ஜப்பானியர் ஆயிரக்கணக்கானோரைச் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை போட இழுத்துச் சென்றார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. காட்டு வழியில் காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் கொன்று குவித்தன. அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களில் இறந்தோர் 12,000-க்கு மேல். அவர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன, உறவினர்கள் இன்றும் வந்து மலர் வைக்கிறார்கள். அதே பாதையில் வேலை செய்த தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் ஆகிய ஆசியக் கூலிகள் 1,80,000-க்கும் மேற்பட்டோர் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அது மதிப்பீடு மட்டுமே, ஏனென்றால் யாரும் எண்ணவில்லை. கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் உடனிருந்து ரகசியமாகவேனும் பட்டியல் வைத்தார்கள். கூலிக்குப் பட்டியல் வைக்க யாருமில்லை. ஊரில் காத்திருந்தவர்களுக்கு, 'மலேயாவுக்குப் போனான், கடுதாசி நின்றுபோச்சு' என்பதோடு கதை முடிந்தது. அது போரில் நேர்ந்த சாவு என்றுகூட அந்த வீட்டுக்குத் தெரியாது.

'நம் பகுதி போர்க்களமாக இருந்ததில்லை' என்று நீங்கள் எண்ணியதிலும் ஒரு திருத்தம் தேவை. உலகப் போர்களைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்த நிலம் பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூருக்கும் கும்பினிக்கும் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) நடந்த போர்களின் வழியாகவும் களமாகவும் இருந்தது. கிருஷ்ணகிரிக் கோட்டையைக் கும்பினிப் படை 1768-ல் பெற்றது. 1791 நவம்பரில் அதே கோட்டையைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கியது. ஒசூரும் ராயக்கோட்டையும் அந்த ஆண்டு ஜூலையில் விழுந்தன. 1791 மே மாதம் கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், திப்புவின் தலைநகரான சீரங்கப்பட்டணத்தின் அருகிலிருந்து பீரங்கிகளை உடைத்துவிட்டுத் திரும்பியதற்குக் காரணம் தோல்வியைவிட, மாடுகள் செத்துத் தானியம் தீர்ந்ததுதான். அடுத்த முறை அவர் வென்றதில் பொதிமாடுகளில் தானியம் சுமந்துவந்த பிரிஞ்சாரி வணிகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. படை தின்ற தானியம் எங்கிருந்து வந்தது, போன வழியில் எந்த வயலின் பயிர் மாட்டுக்குத் தீவனமானது என்பது பெரும்பாலும் எழுதப்படவில்லை.

1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கும்பினிக்கு வந்தது. அதை ஆள அனுப்பப்பட்டவர்கள் படை அதிகாரிகளே: அலெக்சாண்டர் ரீடும், தருமபுரியில் தங்கி அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும். வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு குடியானவரோடும் நேராகத் தீர்வை பேசி வசூலிக்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் பழகிப் பார்க்கப்பட்டது. மன்றோ ஆளுநரான பிறகு அது சென்னை மாகாணம் முழுதும் பரவியது. இன்று நம் கையில் இருக்கும் பட்டாவின் முன்னோர் ஒரு போர் முடிவில் பிறந்தவர் என்று சொன்னால் அது மிகையாகாது. அந்தப் போர்களில் சண்டையிட்ட சிப்பாய்களின் பெயர்களில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. அந்த நில அளவை மட்டும் நிலைத்துவிட்டது.

இன்னும் பின்னே போனால் நடுகற்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் போல நடுகற்கள் நிறைந்த பகுதிகள் தமிழகத்தில் குறைவு. இரு நகரங்களின் அரசு அருங்காட்சியகங்களிலும் அவற்றைப் பார்க்கலாம். 'தொறு மீட்டுப் பட்டான்' என்று எழுதப்பட்ட கற்கள், கவர்ந்து செல்லப்பட்ட மாட்டு மந்தையை மீட்கப் போய் இறந்தவருக்கானவை. அந்தக் கல்லில் வாளேந்தி நிற்பவரைச் சம்பளப் படையின் சிப்பாயாக மட்டும் நினைக்க வேண்டாம். ஊரின் மாட்டுக்காக ஊர்க்காரரே ஆயுதம் எடுத்த காலம் அது. சிப்பாய், குடிமகன் என்ற பிரிவு பின்னால் நிலைப்படைகள் வந்தபோது கூர்மையானது. பெரும்போர் அந்தப் பிரிவை மறுபடி கலைத்துப்போடுகிறது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாடு இழந்த சுமார் 2 கோடியே 70 லட்சம் பேரில் படையினர் மூன்றில் ஒரு பங்கு அளவே.

கடைசியாக, நம் கண்முன்னே இருக்கும் ஒரு போர். 1983 ஜூலை வன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்குத் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் அமைந்தன. தருமபுரி மாவட்டத்தில் நாகாவதி, சின்னாறு, தொப்பையாறு போன்ற அணைகளை ஒட்டி அவை இருக்கின்றன. போர் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது. முகாம்கள் முடியவில்லை. 2021-ல் அவற்றின் பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டதும், புதிய வீடுகள் அறிவிக்கப்பட்டதும் நல்லவையே. ஆனால் 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு விதி இன்னும் கடுமை. ஆகவே நாகாவதி அணைக்கருகில் பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, நம் பேச்சைப் பேசும் இளைஞர் ஒருவர், தாம் பார்த்தே இராத ஒரு போரின் காரணமாக எந்த நாட்டிலும் வாக்கில்லாமல் இருக்கலாம். அரசு வேலைக்கு அவர் விண்ணப்பிக்க முடியாது, பாஸ்போர்ட் கிடையாது. அந்தப் போரில் துப்பாக்கி தூக்கியவர்களைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. இந்த இளைஞரைப் பற்றிய கோப்பு வருவாய்த் துறை அலமாரியில் இருக்கிறது.

நீங்கள் இதைக் கட்டுரையாக எழுதுவதாக இருந்தால், தொடங்குவதற்குப் பொருள் நம் மாவட்டத்திலேயே போதும். பழைய ரயில் பாதையின் மண் கரைகளும் கற்பாலங்களும் எஞ்சியிருக்கும் இடங்களை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் கண்டுபிடியுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் இறந்த சிப்பாய்கள் பலருக்குத் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அன்றைய சேலம் மாவட்டத்தின் கீழ் நம் ஊர்ப் பெயர்களைத் தேடலாம். சென்னை அரசு அச்சிட்ட பாராமகால் ஆவணத் தொகுதிகளில் 1792-க்குப் பிந்தைய நம் கிராமங்களின் நிலை விரிவாக இருக்கிறது. பட்டாளத்தார் வீடு என்று பெயர் பெற்ற வீடுகளுக்குப் போனால், மாட்டியிருக்கும் பதக்கத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, அந்த ஆண்டுகளில் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள், யாரிடம் கடன் வாங்கினார்கள், திரும்பி வந்தவர் எப்படி இருந்தார் என்று அந்த வீட்டுப் பாட்டியிடமும் கேளுங்கள். மலேயாவுக்குப் போய்த் தொடர்பற்றுப் போன உறவினர் உண்டா என்பதையும் கேளுங்கள். கடைசிக் கடிதம் எந்த ஆண்டு வந்தது என்பது முக்கியமான தகவல். முகாம்களில் பேச விரும்பினால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற்றுக்கொண்டு போங்கள். எழுதியதை அச்சுக்குத் தருமுன் பேசியவர்களிடம் படித்துக் காட்டி, எந்தப் பெயரை விட வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யும்படி விட்டுவிடுங்கள்.